காயம் ஏற்பட்ட விதம்

பாப்பாவின் வலது கையில் இரண்டு விரல்கள் உடைந்து கிடக்கின்றன என்பது அவள் அம்மாவுக்குத் தெரிந்தபோது காலை ஆறு இருபது. தேர்வு மையத்தின் கேட்டை மூடுவது ஒன்பது மணிக்கு.

நடந்தது முந்தின நாள் சாயங்காலம். போன வாரம் நாம் அங்கேதான் விட்டோம். கடைசி மாதிரித் தேர்வின் மதிப்பெண் அப்பாவின் போனுக்கு வந்தது. எண்ணூறுக்கு அறுநூற்றுப் பதினெட்டு. அதற்கு முந்தின தடவை அறுநூற்று நாற்பத்து நாலு. மீதி இருபத்தாறு எங்கே போச்சு என்று அவர் கேட்டார். பழைய விடைத்தாளை எடுத்துக் காட்டலாம் என்று அவள் பீரோவுக்குள் கையை விட்டாள். அவர் கதவைக் காலால் உதைத்தார். இரும்புக் கதவு.

வீட்டில் அப்போது இவர்கள் இரண்டு பேர்தான். அம்மாவுக்கு நைட் டியூட்டி. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடும் அறையில் அவளுக்கு வேலை. பதினெட்டு வருஷமாக ஊரார் எலும்புகளைச் சேர்த்துக் கட்டுகிறவள். நோயாளிகள் அவளைக் 'கட்டு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா சாப்பாட்டு மேஜையில் பாப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். முட்டையை ரொட்டிக்குள் மடித்து ஒரு வாய், ஒரு கேள்வி. அவள் மென்றுகொண்டே பதில் சொன்னாள். பதில் சரியாக இருந்தால் அடுத்த வாய். பதினேழு வயசுப் பெண். வலது கை மடியில், ஈரத் துண்டுக்குள் இருந்தது.

அம்மா செருப்பைக் கழற்றவில்லை. நேரே வந்து துண்டைப் பிரித்தாள்.

ஆள்காட்டி விரல் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. நடுவிரல் நடு மூட்டிலிருந்து திரும்பி, பக்கத்து விரலின் மேல் ஏறிக் கிடந்தது. நகங்களுக்கு அடியில் ரத்தம் கறுப்பாக உறைந்திருந்தது.

"கதவு பட்டுடுச்சு," என்றார் அப்பா. "தெரியாம."

எத்தனை மணிக்கு என்று கேட்டாள். ஏழு மணிக்கு என்றார். பதினோரு மணி நேரம் ஆகியிருந்தது. ராத்திரி முழுக்க அவள் உட்கார்ந்திருந்த அறைக்கும் எக்ஸ்ரே மெஷினுக்கும் பத்தடி தூரம். ஒரு போன் பண்ணியிருக்கலாம். ஏன் பண்ணவில்லை என்பதற்கும் அவரிடம் காரணம் இருந்தது. ஆஸ்பத்திரி என்று போனால் ராத்திரி பூராவும் அங்கேயே போய்விடும், பிள்ளை தூங்க வேண்டாமா? வலி மாத்திரை இரண்டு கொடுத்திருந்தாராம். மூன்றாவது கொடுத்தால் பரீட்சையில் மந்தமாக இருக்கும் என்று நிறுத்திவிட்டாராம்.

"இப்பவே எக்ஸ்ரே எடுக்கணும்," என்றாள் அம்மா.

"ஒரு மணிக்குப் பரீட்சை முடிஞ்சிடும். அப்புறம் எடுத்துக்கலாம்."

"விரல் திரும்பிக் கிடக்கு. கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி சரிந்து சுவரில் மோதியது. தட்டு பறந்து போய்ச் சமையலறை வாசற்படியில் சிதறியது. அம்மாவின் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். இரண்டு வருஷமாக வெயில், மழை பார்க்காமல் டியூஷன் வாசலில் காத்துக் கிடந்தது யார், ஷிப்டை மாற்றி மாற்றி வாங்கியது யார், கடைசி நாளில் வந்து இவள் சட்டம் பேசுவாளா என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. அவர் குரலை உயர்த்தாதபோதுதான் அந்த வீட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

அவரும் ஒரு காலத்தில் இதே மருத்துவ நுழைவுப் பரீட்சையை எழுதியவர். நாலு மார்க்கில் போனது. அதற்கப்புறம் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டப் போனார். தொழிலில் சூரன். ஆறு மாடி உயரத்துக் கூண்டில் உட்கார்ந்தபடி, முப்பது டன் பெட்டியை லாரியின் நாலு கொக்கிகளில் விரல்கடை பிசகாமல் இறக்கி வைப்பார். ஆனால் அந்த நாலு மார்க்கை மட்டும் எங்கேயும் இறக்கி வைக்க முடியவில்லை. மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்றைக்கே அவளை 'டாக்டரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார். தெருவும் அப்படியே கூப்பிட்டது.

"நான் போறேம்மா," என்றாள் பாப்பா.

அவர் தாடையை விட்டார். காரை எடுத்து வைக்கிறேன் என்று வெளியே போனார். அவர் செருப்புச் சத்தம் படி இறங்கிய பிறகுதான் அவள் மீதியைச் சொன்னாள்.

"இன்னிக்கு எழுதலைன்னா இன்னும் ஒரு வருஷம் இந்த வீட்லதாம்மா. எனக்கு ஹாஸ்டல் வேணும். எந்த ஊரா இருந்தாலும் சரி. தூரமா இருந்தா இன்னும் நல்லது."

அம்மா செருப்பைக் கழற்றினாள். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

டாக்டர் பார்க்காமல், படம் எடுக்காமல் இதைத் தொடக் கூடாது என்பது அவளைவிட வேறு யாருக்குத் தெரியும்? ஆள்காட்டி விரலில் எலும்பு முறிந்திருந்தது. அதை அசையாமல் கட்டத்தான் முடியும். நடுவிரலில் மூட்டு விலகியிருந்தது. அதை இப்போது இழுத்து உட்காரவைக்காவிட்டால் கேட் வரைக்கும்கூட அவளால் போக முடியாது.

ஹால் டிக்கெட் நம்பரைச் சொல்லு என்றாள். எட்டு இலக்கம். பாப்பா சொல்ல ஆரம்பித்தாள். ஐந்தாவது இலக்கத்தில் அம்மா இழுத்தாள்.

சத்தம் சிறியதுதான். ஈரக் குச்சியை ஒடித்த மாதிரி. பாப்பாவின் நெற்றி மேஜையில் போய் மோதியது. அவள் கத்தவில்லை. மேஜை விரிப்பைக் கடித்துக்கொண்டாள். பல் பட்ட இடத்தில் துணி கிழிந்தது. சற்றுப் பொறுத்து, தலையைத் தூக்காமலேயே மீதி மூன்று இலக்கங்களையும் சொன்னாள்.

கம்பி வைத்துக் கட்டினால் மையத்தில் உள்ளே விடமாட்டார்கள். ஐஸ் குச்சியை நறுக்கி, பஞ்சு சுற்றி, இரண்டு விரல்களையும் சேர்த்துக் கட்டினாள். கட்டை விரலையும் மோதிர விரலையும் வெளியே விட்டாள், பேனா பிடிக்க.

ஏழே முக்காலுக்குக் கிளம்பினார்கள். கார் ஓட்டியபடியே அப்பா பாடம் நடத்தினார். தெரிந்ததை முதலில் எழுது, குருட்டுப்போக்கில் வட்டத்தை நிரப்பாதே, தப்புக்கு மார்க் குறைப்பார்கள், இயற்பியலைக் கடைசிக்கு வைக்காதே. குரல் கனிவாகவே இருந்தது. மூன்றாவது சிக்னலில் ஒரு பைக்காரன் குறுக்கே வந்து நின்றான். பச்சை விழுந்தும் அவன் நகரவில்லை, வண்டி அணைந்துவிட்டது. அப்பா இறங்கிப் போனார். ஒரே உதை. பைக்கும் ஆளும் சேர்ந்து விழுந்தார்கள். விழுந்தவன் எழ முயன்றபோது ஹெல்மெட்டைப் பிடித்துத் தார் ரோட்டில் இரண்டு தடவை மோதினார். திரும்பி வந்து கதவைச் சாத்தி, கண்ணாடியில் பாப்பாவைப் பார்த்து, தண்ணீர் குடித்தாயா என்று கேட்டார்.

அவள் குடித்தேன் என்றாள். அம்மா பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அந்த ஆள் ரோட்டில் உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மையம் என்பது ஒரு பழைய பள்ளிக்கூடம். வாசலில் இருநூறு பெற்றோராவது இருப்பார்கள். ஒருவர் மகனுக்கு விசிறிக்கொண்டிருந்தார். ஒரு அம்மா மகளின் காதணியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லோர் முகமும் அறுவை சிகிச்சைக்கு ஆளை உள்ளே அனுப்புகிறவர்களின் முகம். கேட்டில் காக்கிச் சட்டைக் காவலாளி பாப்பாவின் கையைப் பார்த்ததும் கட்டைப் பிரிக்கச் சொன்னான். உள்ளே துண்டுச் சீட்டு வைக்கிறார்களாம். பிரிக்க முடியாது என்றால் மேற்பார்வையாளரிடம் போய் அனுமதிப் படிவம் எழுத வேண்டும், கூட ஒரு பெற்றோர் மட்டும் போகலாம் என்றான்.

"நான்தான் அப்பா," என்று இவர் முன்னால் வந்தார்.

வரிசையில் வாங்க சார் என்று காவலாளி அவர் மார்பில் கையை வைத்தான். அவ்வளவுதான். அவன் கழுத்துப்பட்டை இவர் கைக்குள் இருந்தது. அவன் பின்தலை கேட் கம்பியில் இடித்த சத்தம் வாசல் முழுக்கக் கேட்டது. தொப்பி சாக்கடையில் விழுந்தது. ஒரு போலீஸ்காரம்மாவும் இரண்டு ஆண் போலீஸும் ஓடி வந்து பிரித்தார்கள். பிரித்ததும் இவர் கையைக் கூப்பிக்கொண்டார். பதற்றம் மேடம், பிள்ளையோட எதிர்காலம், மன்னிச்சுக்கோங்க என்றார். அதில் அவருக்கு நல்ல பழக்கம். அவர்களும் ஓரமாக நில்லுங்க என்று விட்டுவிட்டார்கள்.

"கட்டு போட்டது நான். நான் போறேன்," என்று சொல்லிவிட்டு அம்மா மகளுடன் உள்ளே நுழைந்தாள்.

மேற்பார்வையாளர் அந்தப் பள்ளியின் கணக்கு டீச்சர். மெலிந்த அம்மாள், கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். கையைப் பார்த்தார். ஒரு தாளை நகர்த்தினார். எழுதிக் கொடுக்க உதவியாள் வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்னாடியே கேட்டிருக்க வேண்டும், இன்றைக்குத் தனி அறையும் ஒரு மணி நேரம் கூடுதலும்தான் தர முடியும் என்றார். மணி எட்டு நாற்பத்தெட்டு.

அம்மா பெயர், நம்பர், வயசு எல்லாவற்றையும் கடகடவென்று எழுதினாள். ஏழாவது கட்டத்தில் பேனா நின்றது. 'காயம் ஏற்பட்ட விதம்.'

"விபத்துன்னு எழுதினா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்," என்றார் கணக்கு டீச்சர். "யாராவது அடிச்சதுன்னு எழுதினா ஒரு காப்பி போலீஸுக்குக் கொடுக்கணும். அது விதி. முன்னாடியே சொல்லிடறேன்."

ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலும் இப்படி ஒரு கட்டம் உண்டு. அதில் அவள் கையால் எத்தனை தடவை 'வழுக்கி விழுந்தது' என்று எழுதியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. மணிக்கட்டு ஒடிந்து வந்த பெண்கள், விலா எலும்பு போய் வந்த பெண்கள். எல்லா வீட்டுக் குளியலறையும் வழுக்கும். அவர்கள் சொன்னதை அவள் எழுதினாள். பக்கத்தில் நிற்கும் புருஷன் முகத்தைப் பார்க்காமல் கட்டுப் போட்டு அனுப்பினாள்.

அவள் மகள் பக்கம் திரும்பினாள்.

"உன் கை உள்ள இருந்தது அவருக்குத் தெரியுமா?"

பாப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"கையை எடுன்னு சொன்னார். நான் தாளைத் தேடிட்டிருந்தேன், எடுக்கல. அப்புறம்தான் உதைச்சார்." இடது கையில் இரண்டு விரலைக் காட்டினாள். "ரெண்டு தடவை."

இரண்டாவது உதையைப் பற்றி அம்மாவுக்கு இப்போதுதான் தெரியும். நமக்கும்தான்.

அவள் எழுதினாள். 'தகப்பனார் பீரோ கதவை இரண்டு முறை உதைத்தார். கை உள்ளே இருந்தது அவருக்குத் தெரியும்.' கையெழுத்துப் போட்டாள். எழுத்து அடுத்த கட்டத்துக்குள்ளும் போயிருந்தது.

கணக்கு டீச்சர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டு கூடுதல் நேரத்துக்கான கட்டத்தில் முத்திரை குத்தினார். முதலில் பிள்ளை எழுதட்டும், கேள்வியெல்லாம் அப்புறம் என்றார்.

அறை வாசலில் அம்மா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"வெளிய என்ன சத்தம் கேட்டாலும் எழுந்திரிக்காத. நானே கத்தினாலும்."

போலீஸ்காரம்மா காப்பியை வாங்கிக்கொண்டு அம்மாவோடு கேட்டுக்கு வந்தார். கூட்டத்துக்குள்ளிருந்து அப்பா எட்டிப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். கொடுங்க பார்க்கலாம் என்று சட்டென்று அதைப் பிடுங்கினார்.

படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு ஏழாவது கட்டத்தை மட்டும் மறுபடி படித்தார்.

முதல் குத்து வாயில் விழுந்தது. அம்மாவின் உதடு பல்லுக்கும் முஷ்டிக்கும் நடுவில் கிழிந்தது. இரண்டாவது காதோரம். அவள் கேட்டில் மோதிச் சரிந்தாள். சரிந்தவளின் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்து வயிற்றில் மிதித்தார். பெட்டியை இறக்குகிற மாதிரி, அவசரமில்லாமல், எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுகிற மிதி. இருநூறு பேர் பார்த்தார்கள். சிலர் போனைத் தூக்கினார்கள். புருஷன் பெண்டாட்டி விஷயம் என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. போலீஸ்காரம்மா லத்தியால் அவர் முதுகில் அடித்தார். அவருக்கு உறைக்கவே இல்லை. சற்று முன்னால் அடிபட்ட காவலாளிதான் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தான். அப்போதும் முடியை அவர் விடவில்லை. அவரோடு சேர்ந்து அவளும் தரையில் இழுபட்டாள்.

அவள் கத்தினாள். ஒரே ஒரு தடவை, நீளமாக.

பிறகு கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய், முடியைப் பிடித்திருந்த கையில் கட்டை விரலைத் தேடிப் பிடித்தாள். எந்த எலும்பு எந்தப் பக்கம் போகாது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளங்கைக்கு எதிர்ப்பக்கமாக மடித்து, திருகி, உடம்பு பாரத்தை எல்லாம் அதன் மேல் போட்டாள். பதினெட்டு வருஷம் சேர்த்துக் கட்டிய கை முதல் தடவையாக ஒன்றை உடைத்தது.

அவர் ஊளையிட்டார். முடி விடுபட்டது. மூன்று பேர் அவர் மேல் விழுந்து தரையோடு அமுக்கினார்கள்.

மாடியில், தெருவைப் பார்த்த ஒரு வகுப்பறையில் பாப்பா தனியாக உட்கார்ந்திருந்தாள். கேள்வித்தாள் இன்னும் வரவில்லை. எதிரே கண்காணிப்புக்கு வந்திருந்த ஓவிய டீச்சர் சத்தம் கேட்டு ஜன்னலுக்குப் போனார். பார்த்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தக் கத்தல் யாருடையது என்று பாப்பா கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். எழுந்திருக்கப் பார்த்த கால்களை நாற்காலிக் காலோடு பின்னிக்கொண்டாள்.

"ஜன்னலைச் சாத்திடுங்க டீச்சர்," என்றாள்.

பத்து மணிக்கு ஆரம்பித்தாள். வலது கையில் பேனாவைப் பிடித்து முதல் வட்டத்தை நிரப்பியபோது முழங்கை வரைக்கும் தீ ஓடியது. பேனாவை இடது கைக்கு மாற்றினாள். இடது கைக்கு வட்டம் பழக்கமில்லை. கோடு தாண்டினால் மெஷின் படிக்காது. ஒவ்வொன்றையும் சுற்றி வரைந்து, உள்ளே மெதுவாக நிரப்பினாள். கணக்குகளை மனசிலேயே போட்டாள். பதினொன்றரைக்கு வலி வயிற்றுக்கு ஏறி, குப்பைக் கூடையில் வாந்தி எடுத்தாள். ஓவிய டீச்சர் தண்ணீர் கொடுத்துவிட்டு முதுகைத் தடவினார். போதும்மா என்றார். பாப்பா எழுபத்திரண்டாவது கேள்விக்குப் போனாள்.

ஒரு மணிக்கு மற்ற அறைகள் காலியாயின. மணி இரண்டு அடித்தபோது இருநூறில் பத்தொன்பது பாக்கி. அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். உதட்டில் பஞ்சு. ஒரு கண் பாதி மூடியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டதற்கு, பிள்ளை வெளியே வரட்டும் என்று சொல்லி ஐந்து மணி நேரமாக அந்தப் பெஞ்சை விட்டு அசையவில்லையாம். போலீஸ்காரம்மா பக்கத்தில் நின்றார்.

"ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டாள் அம்மா.

பரீட்சை முடிந்து வந்தவளிடம் அந்தக் குடும்பத்தில் யாரும் இப்படி ஒரு கேள்வியை முதலில் கேட்டதில்லை. பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. உனக்கு வலிக்கலையா என்று திருப்பிக் கேட்டாள். அம்மாவும் சிரிக்கப் போய், உதட்டிலிருந்து மறுபடி ரத்தம் வந்தது.

கணக்கு டீச்சர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கையில் ஒரு கடிதம். அப்பாவின் அக்கா ஒரு மணி வாக்கில் வந்து கொடுத்துவிட்டுப் போனாராம். நீங்கள் பார்த்தே ஆக வேண்டும் என்று நீட்டினார்.

இடது கையால் எழுதிய கோணல் எழுத்து. ஆனாலும் அப்பாவின் எழுத்துதான். 'படிவத்தில் என் மனைவி எழுதியது பொய். பொய் சொல்லிப் பெற்ற கூடுதல் நேரம் செல்லாது. ஆகவே என் மகளின் விடைத்தாளை ரத்து செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

பாப்பா இரண்டு தடவை படித்தாள். ரத்து என்ற சொல்லில் அவர் பேனா தாளைக் கிழித்திருந்தது.

இதை நான் மறைக்க முடியாது என்றார் கணக்கு டீச்சர். விடைத்தாளோடு சேர்த்து மேலிடத்துக்கு அனுப்பியே தீர வேண்டும். போலீஸில் வழக்கு பதிவாகி, நடந்தது உண்மை என்று ஆகிவிட்டால் இந்தக் கடிதத்துக்கு மதிப்பில்லை. பதிவாகாவிட்டால் இன்றைக்கு எழுதினது எல்லாம் குப்பை.

"வாசல்ல இவங்களை அடிச்சதை நானே பார்த்தேன், அது வேற," என்றார் போலீஸ்காரம்மா. "வீட்ல நடந்ததுக்கு அம்மா சாட்சி இல்ல. அவங்க டியூட்டியில இருந்தாங்க. நீதான் சொல்லணும். அவரும் ஸ்டேஷன்லதான் இருக்கார், கட்டை விரலை உடைச்சதா உங்கம்மா மேல புகார் கொடுத்திருக்கார்."

இப்போதைக்கு வேண்டாம், முதலில் கைக்கு எக்ஸ்ரே எடுக்கலாம் என்றாள் அம்மா. பாப்பா கடிதத்தை மடித்து டீச்சரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"எக்ஸ்ரே எங்கேயும் போகாது. ஸ்டேஷனுக்குப் போலாம்மா."

ஸ்டேஷனில் எழுத்தர் மேஜைக்கு எதிரே ஒரு நீள பெஞ்ச். அதில் அப்பா உட்கார்ந்திருந்தார். வலது கை துண்டுக்குள். சட்டையில் இரண்டு பட்டன் இல்லை. பக்கத்தில் அத்தை. இவர்களைப் பார்த்ததும் அத்தை ஆரம்பித்தார். கட்டை விரல் இல்லாமல் கிரேன் ஓட்ட முடியுமா, கை போச்சு, வேலை போச்சு, பெத்த தகப்பனை இந்தப் பெஞ்சில் உட்காரவைத்தாயிற்று, இப்போது மனசு குளிர்ந்ததா என்று கேட்டார்.

அப்பா அக்காவின் முழங்காலைத் தொட்டு நிறுத்தினார். மகளை நிமிர்ந்து பார்த்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. விடைத்தாளை ரத்து பண்ணச் சொல்லி எழுதிக் கொடுத்த மனுஷன், உள்ளபடியே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார்.

"எத்தனை எழுதினே?"

நூற்று எண்பத்தொன்று என்பது அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பதினோரு வருஷப் பழக்கம். வாயைத் திறந்தாள். அம்மாவின் விரல்கள் அவள் முதுகில் இருந்தன.

பாப்பா வாயை மூடிக்கொண்டாள். இடது கையால் நாற்காலியை இழுத்து எழுத்தருக்கு எதிரே போட்டாள். உட்கார்ந்தபோது அப்பா அவள் முதுகுக்குப் பின்னால், நாலடி தூரத்தில் இருந்தார்.

எழுத்தர் அவளையும் பார்த்தார், பெஞ்சையும் பார்த்தார். அப்பாவைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம் சார். அவரும் கேக்கட்டும்," என்றாள். "நீங்க எழுதிக்கோங்க. நேத்து சாயங்காலம் ஏழு மணி. வீட்ல நாங்க ரெண்டு பேர்தான் இருந்தோம்."

பின்னால் பெஞ்ச் தரையில் உரசி நகர்ந்தது. அத்தை, "டேய், உட்காரு," என்றார். அம்மா சட்டென்று திரும்பி மகளுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் போய் நின்றாள்.

பாப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வரியைச் சொன்னாள்.